மருந்துக் கணக்கில் தாதிய மாணவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாதியர் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் மருந்துக் கணக்கைப் பற்றிப் பேச்செடுத்ததும் நான் கேட்கும் முதல் பதில், “எனக்குக் கணக்கு வராது, மிஸ்” என்பதாகவே பெரும்பாலும் இருக்கிறது. மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் வந்து இப்படிச் சொல்கின்ற இதே பிள்ளைகள், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் கணிப்பானின் துணையின்றி, மடக்கை அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு கணித பாடத்தில் சித்தியடைந்தவர்கள். வார்டில் மருந்து கொடுப்பதற்குத் தேவைப்படும் கணிதம் அதைவிட எளியது. பெருக்கல், வகுத்தல், தசமம், பின்னம், சதவீதம், விகிதம் ஆகியவற்றுக்கு அப்பால் அது அரிதாகவே போகிறது. ஆகவே, மாணவர் விடும் தவறுகளைக் கணித அறிவின் குறை என்று நான் கருதவில்லை. ஓர் எண்ணை, அது குறிக்கும் மருந்திலிருந்தும் அது சென்று சேரும் உடம்பிலிருந்தும் பிரித்து, வெறும் எண்ணாகக் கையாளும் பழக்கத்திலிருந்தே அவற்றில் பெரும்பாலானவை பிறக்கின்றன.

நானும் அந்தப் பழக்கத்தோடுதான் பயிற்சிக்குச் சென்றேன். முதலாம் ஆண்டில், சிறுவர் வார்டில் இருந்த ஒரு கைக்குழந்தைக்கு ஜென்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை 20 மில்லிகிராம் கொடுக்கும்படி டிக்கெட்டில், அதாவது நோயாளியின் சிகிச்சைக் குறிப்பில், எழுதப்பட்டிருந்தது. வயலில், அதாவது சிறு மருந்துக் குப்பியில், 2 மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராம் இருந்தது. 20ஐ 80ஆல் வகுத்து 2ஆல் பெருக்கி, விடையைத் தாளில் “.5” என்று சரியாகவே எழுதினேன். மருந்து மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தப் புள்ளி என் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. 5 மில்லிலீற்றர் சிரிஞ்சைக் கையில் எடுத்தேன். பக்கத்தில் நின்ற சிஸ்டர், “பிள்ளை, இதுக்கு எத்தனை வயல் உடைக்கப் போறீர்?” என்று கேட்டார். ஒரு வயலில் இருப்பதே 2 மில்லிலீற்றர்தான். நான் எடுக்க இருந்தது இரண்டரை வயல், அதாவது 200 மில்லிகிராம். எழுதப்பட்டதைப் போலப் பத்து மடங்கு. அளவு மிஞ்சினால் சிறுநீரகத்தையும் செவிப்புலனையும் கெடுக்கக்கூடிய மருந்து அது.

அன்று நான் விட்ட தவறுகள் இரண்டு. முதலாவது, தசமப் புள்ளிக்கு முன்னே பூச்சியம் இடாமை. அரை மில்லிலீற்றரை எப்போதும் 0.5 என்றே எழுத வேண்டும். இதன் மறுபக்கமாக, முழு எண்ணுக்குப் பின்னே தேவையற்ற பூச்சியம் இடுவதும் அதே அளவு ஆபத்தானது, 5.0 என்று எழுதினால், புள்ளி மங்கிய இடத்தில் அது 50 ஆகிவிடும். இரண்டாவது தவறு இதைவிட ஆழமானது. விடை ஏறத்தாழ எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒரு கணமும் எண்ணிப் பாராமல் நான் கணக்கைச் செய்திருந்தேன்.

சூத்திரத்துக்கு முன் மதிப்பீடு

திருகோணமலை மீன் சந்தையில் அறக்குளா கிலோ 2400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கால் கிலோ வாங்குபவரிடம் வியாபாரி 6000 ரூபாய் கேட்டால், எந்தப் பிள்ளையும் தாளையும் பேனையையும் தேடமாட்டாள். கிலோவே 2400 என்றால் கால் கிலோ அதைவிட எப்படிக் கூடும் என்று உடனே கேட்பாள். இந்தத் தெளிவு நம் எல்லோரிடமும் இருக்கிறது. மருந்து மேசையில் சூத்திரத்தைக் கண்டதும் அதைக் கைவிட்டுவிடுகிறோம்.

வேண்டிய அளவை இருக்கும் அளவால் வகுத்து, அது கரைந்திருக்கும் திரவத்தின் அளவால் பெருக்குவது என்ற சூத்திரத்தை எல்லோரும் மனனம் செய்கிறார்கள். பதற்றத்தில் மேலே இருக்க வேண்டியது கீழே போகிறது. 80ஐ 20ஆல் வகுத்து 2ஆல் பெருக்கினால் 8 மில்லிலீற்றர் வரும். சூத்திரத்தை மட்டும் நம்புபவருக்கு அந்த 8இல் எந்தக் குறையும் தெரியாது. ஆனால், “வேண்டியது 20, ஒரு முழு வயலில் இருப்பது 80, ஆகவே எனக்குத் தேவை ஒரு வயலில் கால்வாசி” என்று முதலில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தவருக்கு அந்த விடை கண்ணில் பட்டதுமே பொய்யாகத் தெரியும். ஒரு தடவை கொடுக்கும் மருந்துக்கு இரண்டுக்கு மேற்பட்ட வயல்களோ, கைநிறைய மாத்திரைகளோ தேவைப்படுவதாகக் கணக்குச் சொன்னால், அங்கே நின்று மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அரிதாகச் சில மருந்துகளுக்கு அது சரியாகவே இருக்கலாம். அதையும் சரிபார்த்த பின்புதான் ஏற்றுக்கொள்ளலாம்.

அலகு, சதவீதம், விகிதம்

கணக்கை எண்களால் மட்டும் செய்து, முடிவில் “மில்லிலீற்றர்” என்று ஒட்டவைப்பது மிகப் பரவலான தவறு. ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதிக்கொண்டு போனால், எங்கே பொருந்தாத இரண்டு அலகுகள் மோதுகின்றன என்பது தானாகவே வெளிப்படும். இதய மருந்தான டிஜொக்சின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வைத்தியரின் கட்டளையில் 0.125 மில்லிகிராம் என்றும், மாத்திரையில் 250 மைக்ரோகிராம் என்றும் இருக்கும்போது, 0.125ஐயும் 250ஐயும் நேரே வகுக்க முயல்பவர் தடுமாறுகிறார். ஒரு மில்லிகிராம் 1000 மைக்ரோகிராம் என்பதால் 0.125 மில்லிகிராம் என்பது 125 மைக்ரோகிராம். தேவைப்படுவது அரை மாத்திரை. அலகு மாற்றத்தைக் கணக்கின் தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டும். பெரிய அலகிலிருந்து சிறிய அலகுக்குப் போகும்போது எண் பெருக வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்திருந்தாலே, புள்ளியை எதிர்த்திசையில் நகர்த்தும் பிழை பெரும்பாலும் நேராது.

சதவீதம் என்பதைப் பாடசாலையில் நூற்றுக்கு எத்தனை என்று படித்தோம். கரைசல்களில் அது 100 மில்லிலீற்றருக்கு எத்தனை கிராம் என்பதாகும். 5 சதவீத குளுக்கோஸ் 500 மில்லிலீற்றரில் 25 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. 50 சதவீத குளுக்கோஸ் வெறும் 50 மில்லிலீற்றரிலும் அதே 25 கிராம்தான் இருக்கிறது. போத்தலின் பருமனைப் பார்த்து வலிமையை ஊகிப்பவர் இங்கே ஏமாறுகிறார். மரத்துப்போகச் செய்யும் மருந்தான லிக்னோகெயினின் 2 சதவீதக் கரைசலில் ஒரு மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் இருப்பதையும் இதே வழியில் கண்டுகொள்ளலாம்.

விகிதத்தில் நேரும் தவறு வேறு வகையானது. 1:10000 என்ற அட்ரினலின் 1:1000ஐ விட வலியது என்று நினைக்கும் மாணவரை ஒவ்வோர் ஆண்டும் காண்கிறேன், ஏனெனில் 10000 பெரிய எண்ணாகத் தோன்றுகிறது. 1:1000 என்பது 1000 மில்லிலீற்றரில் 1 கிராம், அதாவது ஒரு மில்லிலீற்றருக்கு 1 மில்லிகிராம். 1:10000இல் ஒரு மில்லிலீற்றருக்கு இருப்பது 0.1 மில்லிகிராம் மட்டுமே. கடும் ஒவ்வாமையில் வளர்ந்தவருக்குத் தசையில் கொடுக்கும் 0.5 மில்லிகிராம் முதலாவதில் 0.5 மில்லிலீற்றர், இரண்டாவதில் 5 மில்லிலீற்றர். உயிர் போகும் அவசரத்தில் இதைக் கணக்கிட்டுக்கொண்டிருக்க நேரம் இராது. அதனால் இந்த ஒன்றை மட்டும் மனப்பாடமாகவே வைத்திருக்கும்படி நான் சொல்வதுண்டு.

இன்சுலினைச் சாதாரண சிரிஞ்சில் எடுக்கக் கூடாது. ஒரு மில்லிலீற்றரில் 100 யூனிட் இருக்கும் இன்சுலினில் 8 யூனிட் என்பது 0.08 மில்லிலீற்றர், அதை இன்சுலின் சிரிஞ்சினால் மட்டுமே சரியாக அளக்க முடியும். யூனிட் என்ற சொல்லையும் முழுதாக எழுத வேண்டும். அதை ஒற்றை ஆங்கில எழுத்தாகச் சுருக்கினால், அவசரக் கையெழுத்தில் அது பூச்சியம் போலத் தோன்றி, 10 யூனிட் 100 என்று வாசிக்கப்படக்கூடும்.

துளிக்கணக்கும் டெங்கு வார்டும்

500 மில்லிலீற்றர் சேலைனை 4 மணித்தியாலத்தில் ஏற்ற வேண்டும், செட்டில், அதாவது சேலைன் ஏற்றும் குழாயில், ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி என்றால், 500ஐ 20ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுக்கிறோம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 துளி. மணித்தியாலத்தை நிமிடமாக்க மறந்தவருக்கு 2500 வரும். நிமிடத்துக்கு 2500 துளி விழுவதைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை. இருந்தும் பரீட்சைத் தாள்களில் அந்த விடையைக் காண்கிறேன். இன்னொரு தவறு, செட்டின் உறையைப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் 20ஐப் போடுவது. சிறுவருக்கான மைக்ரோ செட்டில் ஒரு மில்லிலீற்றருக்கு 60 துளி விழுவதால், மணித்தியாலத்துக்கு எத்தனை மில்லிலீற்றரோ நிமிடத்துக்கும் அத்தனை துளி. துளியை முழு எண்ணாக்குவதைக் கடைசி வரியில் மட்டும் செய்ய வேண்டும். இடையிலேயே முழுமையாக்கினால் பிழை பெருகும்.

எங்கள் மாவட்டத்தில் திரவக் கணக்கு வெறும் பரீட்சை விடயமாக இருந்ததில்லை. 2017ஆம் ஆண்டு கிண்ணியாவில் டெங்கு கடுமையாகப் பரவியதை இங்குள்ள குடும்பங்கள் மறக்கவில்லை. டெங்குக் குருதிப்பெருக்குக் காய்ச்சலின் ஆபத்துக் கட்டத்தில் திரவம் குறைந்தால் அதிர்ச்சி நிலை வரும். கூடினால் அது நுரையீரலைச் சூழ்ந்து மூச்சை அடைக்கும். ஆகவே 48 மணித்தியாலத்துக்கான மொத்த அளவு முன்கூட்டியே கணிக்கப்படுகிறது. முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மில்லிலீற்றர், அடுத்த 10 கிலோவுக்கு 50, அதற்கு மேல் 20 என்று கூட்டி, அதனுடன் உடல் எடையின் 5 சதவீதத்தை, அதாவது கிலோவுக்கு 50 மில்லிலீற்றரைச் சேர்க்கிறார்கள். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 1000, 500, அதனுடன் 1000 சேர்ந்து 2500 மில்லிலீற்றர். பரவலாகப் பிரித்தால் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 52. எந்த வேளையில் வேகத்தைக் கூட்டுவது, எப்போது குறைப்பது என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். ஆனால், அவர் தீர்மானிப்பது தாதி எழுதிவைத்த எண்களைப் பார்த்துத்தான்.

இங்கே மாணவர் விடும் தவறுகள் பல. எல்லாக் கிலோவுக்கும் 100 மில்லிலீற்றர் போடுகிறார்கள். 48 மணித்தியாலத்துக்கான அளவை 24ஆல் வகுத்து வேகத்தை இரட்டிப்பாக்குகிறார்கள். எல்லாவற்றிலும் அடிக்கடி நேர்வது, வாயால் குடித்ததைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது. அம்மா கரண்டியால் ஊட்டிய ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைக் கரைசலும் இளநீரும் கஞ்சித் தண்ணீரும் அந்த 2500க்குள் அடங்கியவையே. 12 மணித்தியாலம் முடிந்தபோது சேலைனாக 800, வாயால் 150 என்று போயிருந்தால், மிச்சம் 1550. அது அடுத்த 36 மணித்தியாலத்துக்கு, சராசரியாக மணித்தியாலத்துக்கு 43. ஊட்டிய தாயிடம், “அக்கா, எத்தனை கோப்பை குடுத்தனீங்கள், எந்தக் கோப்பை?” என்று கேட்டு, அந்தக் கோப்பையை வாங்கி அளந்து பார்ப்பதும் கணிதத்தின் பகுதிதான். சிறுநீரின் அளவையும் நேரத்தாலும் எடையாலும் வகுத்தே சொல்ல வேண்டும்: 4 மணித்தியாலத்தில் 60 மில்லிலீற்றர் கழித்த 20 கிலோப் பிள்ளைக்கு, அது ஒரு கிலோவுக்கு மணித்தியாலத்துக்கு 0.75 மில்லிலீற்றர்.

சிறுவர் மருந்துகளில் இன்னொரு பொறி, நாள் அளவையும் வேளை அளவையும் குழப்புவது. 12 கிலோப் பிள்ளைக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 45 மில்லிகிராம், மூன்று வேளையாகப் பிரித்து என்று இருந்தால், 540 என்பது முழு நாளுக்கானது; ஒரு வேளைக்கு 180. 5 மில்லிலீற்றருக்கு 125 மில்லிகிராம் கொண்ட பாணியில் அது 7.2 மில்லிலீற்றர். கட்டளையின் கடைசிச் சொற்களை வாசிக்காதவர் மூன்று மடங்கு கொடுத்துவிடுவார்.

படிக்கும் முறையில் நேரும் தவறுகள்

தமிழில் கணிதம் கற்ற பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கட்டளையைக் கண்டதும், வாசிப்பதில் வரும் தயக்கத்தைக் கணக்கு வராமை என்று தவறாக எண்ணிக்கொள்கிறார்கள். எவ்வளவு வேண்டும், எவ்வளவு இருக்கிறது, எத்தனை மில்லிலீற்றரில் இருக்கிறது என்ற மூன்றையும் தமிழிலேயே தாளின் ஓரத்தில் எழுதிவிட்டுத் தொடங்கினால் பாதிச் சுமை குறையும். பரீட்சைக்கு முந்திய இரவில் 50 கணக்குச் செய்வதைவிட, வார்டில் நிற்கும் ஒவ்வொரு நாளும் உண்மையான லேபலைப் பார்த்து இரண்டு கணக்குச் செய்வது மேல். கணிப்பானைப் பயன்படுத்தலாம், மதிப்பீட்டை எழுதிவைத்த பின்பு பயன்படுத்த வேண்டும்.

சரிபார்ப்பதிலும் ஒரு தவறு உண்டு. “அரை மில்லிலீற்றர்தானே, அக்கா?” என்று விடையைச் சொல்லிவிட்டுச் சரியா என்று கேட்டால், வேலைப்பளுவில் இருக்கும் மற்றவர் தலையை அசைத்துவிடுவார். இரண்டாமவர் விடையைக் கேளாமல், கட்டளையையும் வயலையும் பார்த்துத் தனியாகக் கணிக்க வேண்டும். அன்று அந்த சிஸ்டர் என் தாளை வாங்கவில்லை. தன் பேனையை எடுத்து வேறொரு தாளில் தானே கணக்கைச் செய்தார், என்னையும் மீண்டும் முதலிலிருந்து செய்யச் சொன்னார். இரண்டு தாளிலும் 0.5 மில்லிலீற்றர் என்று வந்த பிறகே அந்த ஒரு வயலை உடைத்தோம்.