மருத்துவக் குழாயின் பெயரைப் பிரித்துப் படிப்பது எப்படி?

‘ஃபோலி கதீட்டர் 16 ஃபிரெஞ்சு’ என்று மருத்துவர் எழுதித் தந்தால், அதைப் பொதுப்பெயர், அதற்கு முன்னுள்ள அடைமொழி, பின்னுள்ள எண் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பொதுப்பெயரிலிருந்து தொடங்குவதே எளிது. ‘கீழே இறக்குதல்’ என்று பொருள்படும் கிரேக்க வினைச்சொல்லிலிருந்து பிறந்தது ‘கதீட்டர்’. சிறுநீர்ப்பைக்குள் செலுத்தும் கருவியைப் பண்டைய கிரேக்க மருத்துவர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். இரத்த நாளத்தில் ஏற்றும் ‘கானுலா’ இலத்தீன் மொழியில் சிறு நாணலைக் குறிக்கும்.

அடுத்து அடைமொழி. இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும், ஏனெனில் அது குழாய் செல்லும் வழியையும் சொல்லலாம், ஒரு மனிதரின் பெயராகவும் இருக்கலாம். ‘நேசோகேஸ்ட்ரிக்’ என்றால் மூக்கு வழியாக இரைப்பைக்குச் செல்வது என்று பெயரே காட்டிவிடுகிறது. அதே வழியில் செல்லும் ‘ரைல்ஸ் டியூப்’ அப்படி எதையும் காட்டுவதில்லை. இரைப்பை நீரைச் சோதனைக்காக உறிஞ்சி எடுப்பதற்கென இக்குழாயை 1921இல் விவரித்த பிரித்தானிய மருத்துவர் ஜான் ஆல்ஃபிரட் ரைலின் பெயரே அது. இன்று திரவ உணவு செலுத்தவும் அதையே பயன்படுத்துகிறார்கள். ஆகவே ஆள்பெயரிலிருந்து பயன்பாட்டை ஊகிக்காதீர்கள். பெரும்பாலும் அது வடிவமைப்பை மட்டுமே குறிக்கும். அமெரிக்கச் சிறுநீரக அறுவை மருத்துவர் ஃபிரெடெரிக் ஃபோலியின் பெயர் தாங்கிய குழாயின் நுனியருகே, அது நழுவி வெளியே வராமல் தடுக்கும் சிறு பலூன் இருக்கும். பிரெஞ்சு அறுவை மருத்துவர் நெலாட்டோனின் பெயர் கொண்ட குழாயில் பலூன் இல்லை. சிறுநீரை வடித்தவுடன் அதை எடுத்துவிடலாம். இரண்டும் செல்லும் இடம் ஒன்றே என்பதற்காக ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கிவிடக் கூடாது.

கடைசியில் எண். ‘ஃபிரெஞ்சு’ என்பது குழாயின் வெளிவிட்டத்தை அளக்கும் அலகு. மூன்று ஃபிரெஞ்சு ஒரு மில்லிமீட்டர் என்பதால், 16 என்பது ஏறத்தாழ 5.3 மில்லிமீட்டர். 19ஆம் நூற்றாண்டில் பாரிசில் மருத்துவக் கருவிகள் செய்த ஷாரியேர் வகுத்த அளவு இது; சில உறைகளில் அவர் பெயரின் சுருக்கமாக ‘சிஎச்’ என்றும் அச்சிட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றே. கானுலாவின் ‘கேஜ்’ எண் இதற்கு நேர்மாறானது: 18ஐவிட 24 மெல்லியது. ஃபோலி குழாயாக இருந்தால், பலூன் எத்தனை மில்லிலிட்டர் நீர் கொள்ளும் என்று அதன் உறையில் உள்ள எண்ணையும் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வாங்குங்கள்.