மாநிலங்களவையில் நம் நெல்லுக்காகக் கேள்வி எழுப்ப வைப்பது எப்படி?

நீடாமங்கலம் பக்கம் ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) நிலத்தில் சம்பா பயிரிடுகிறேன். மாநிலங்களவை உறுப்பினருக்கு மனு எழுதும் முன், விஷயம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். கொள்முதல் நிலையம் திறக்கவில்லையா? அது மாநில அரசின் பொறுப்பு, கலெக்டரிடம் போங்கள். ஆனால் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு மத்திய அரசுடையது. தைப் பனியில் களத்தில் கிடக்கும் நெல்லை விடியற்காலையில் அள்ளினால் உள்ளங்கையில் ஒட்டிக்கொள்ளும். அந்த நெல்லுக்காக டெல்லியில்தான் பேச வேண்டும்.

மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18 இடங்கள். எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுப்பவர்கள், தனித் தொகுதி கிடையாது. யாரிடமும் தயங்காமல் போகலாம்.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கேள்வியை நீங்களே எழுதிக் கொடுங்கள்: 'வரம்பைத் தளர்த்தக் கோரி மாநில அரசின் கடிதம் என்று வந்தது? மத்தியக் குழு என்று பார்வையிட்டது? உத்தரவு என்று பிறந்தது?' இப்படித் தேதி கேட்டால், 'ஆவன செய்யப்படும்' என்று நழுவுவது கடினம்.

கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு தேவை. ஆகவே அறுவடை வரை காத்திருக்காமல் மார்கழியிலேயே கொடுத்துவிடுங்கள். நட்சத்திரக் கேள்வி என்றால் அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்வார், துணைக் கேள்வியும் கேட்கலாம். மற்றவற்றுக்கு எழுத்தில்தான் பதில். அதைக் குறைவாக நினைக்காதீர்கள். சங்கக் கூட்டத்தில் எடுத்துக்காட்ட அந்தத் தாள்தான் உதவும். நகலை மறக்காமல் வாங்கி வையுங்கள்.

திடீர் மழையில் கதிர் சாய்ந்துவிட்டால் கேள்விக்கு நேரமில்லை. அவசர விஷயங்களை அவையில் எழுப்பும் பூஜ்ய நேரத்தில் பேசச் சொல்லுங்கள்.