ரோமானியக் காசைப் படிக்கப் பழகுவோம்

ரோமப் பேரரசில் பெரும்பாலானோர் தங்கள் பேரரசரை நேரில் பார்த்ததே இல்லை. அவருடைய முகம் அன்றாடம் அவர்கள் கைக்கு வந்தது காசில்தான். அதைப் படிக்க, பேரரசர் வெஸ்பாசியன் கி.பி. 71இல் வெளியிட்ட செஸ்டர்டியஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பித்தளைக் காசு, எடை சுமார் 25 கிராம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் படம் கிடைக்கும், பெரிதாக்கிப் பாருங்கள்.

படி 1: முகம்
தலையில் லாரல் இலை மாலை இருக்கிறதா? அது வெற்றியின் அடையாளம். அப்புறம் வயதைக் கவனியுங்கள். ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் 75 வயது வரை வாழ்ந்தார், ஆனால் காசுகளில் அவருக்கு மூப்பே வரவில்லை. வெஸ்பாசியனோ வழுக்கை, சுருக்கம், தடித்த கழுத்து எல்லாவற்றோடும் இருக்கிறார். நீரோவுக்குப் பின் வந்த உள்நாட்டுப் போரில் வென்று அரியணை ஏறிய படைத்தளபதிக்கு அந்த முகம் பொருத்தம்தான்.

படி 2: எழுத்து
பெரும்பாலும் இடது கீழ்ப்புறம் தொடங்கி வலஞ்சுழியாகப் போகும். எல்லாம் லத்தீன் சொற்களின் சுருக்கங்கள். 'பி எம்' தலைமைக் குரு, 'பி பி' நாட்டின் தந்தை. 'சி ஓ எஸ்' என்பது கான்சல் என்ற உயர் அரசுப் பதவி. அதன் பின் மூன்று கோடுகள் இருந்தால் மூன்றாம் முறை. வெஸ்பாசியன் மூன்றாம் முறை கான்சலானது 71இல். காசின் வயது இப்படித்தான் தெரியவருகிறது.

படி 3: பின்பக்கம்
இங்கே நேரம் செலவிடுங்கள், அரசியல் முழுக்க இங்கேதான் இருக்கிறது. நடுவில் பேரீச்ச மரம், அதனடியில் அழுதபடி உட்கார்ந்திருக்கும் பெண், சுற்றிலும் 'யூதேயா பிடிபட்டது' என்ற வாசகம். யூதேயா என்பது ரோமை எதிர்த்துக் கிளர்ந்த யூதர்களின் நாடு; அதன் நகரான ஜெருசலேம் வீழ்ந்தது 70இல். அகஸ்டஸின் வம்சத்தில் பிறக்காத புதிய பேரரசர், தன் ஆட்சியுரிமைக்கு இந்த வெற்றியையே ஆதாரமாகக் காட்டுகிறார். தோற்றவர்களின் துயரம்கூட விளம்பரமாகிவிட்டது. கீழே உள்ள 'எஸ் சி' செனட்டின் ஆணையைக் குறிக்கும்.

படி 4: வெட்டுக்குறி
காசு அச்சான பிறகு யாராவது அதில் கைவைத்திருக்கிறார்களா என்று கடைசியாகப் பாருங்கள். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில், பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறார்கள். அவை மறுபடி பணமாகப் புழங்காமல் தடுக்கவே இப்படிச் செய்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கங்களில் ஒன்று. ரோமில் செல்லுபடிக்கு உத்தரவாதம் தந்த முகம் இங்கே வெறும் பொன்னாகத்தான் எடைபோடப்பட்டது.