மலையக வீதிகளில் வாகனம் ஓட்டுவதற்கு முன்: பலகைகளும் சமிக்ஞைகளும்

விடுமுறையில் மலையகம் வந்து, வாடகைக் காரைத் தாமே ஓட்டிக்கொண்டு உறவினரின் தோட்டம் வரை போக எண்ணுவோர், கையிலுள்ள சாரதி அனுமதிப் பத்திரம் இங்கே செல்லுபடியாகுமா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு அனுமதிப் பத்திரம் மட்டும் போதாது. இலங்கை 1949ஆம் ஆண்டின் ஜெனீவா வீதிப் போக்குவரத்துச் சமவாயத்தில் இணைந்த நாடு என்பதால், சர்வதேச அனுமதிப் பத்திரம் எடுப்போர் அந்தச் சமவாயத்தின்படி வழங்கப்படுவதையே கேட்டு வாங்குவது நல்லது. அதையும் கொழும்பிலுள்ள சிலோன் ஓட்டோமொபைல் அசோசியேஷனில் காட்டி அங்கீகாரம் பெற வேண்டும். இல்லையேல் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக அனுமதிப் பத்திரத்தைப் பெறலாம். 2025 ஆகஸ்ட் முதல் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே அதற்கான கருமபீடம் இயங்குகிறது. ‘அங்கே யார் இதையெல்லாம் பார்க்கப் போகிறார்கள்’ என்று சொல்லும் மைத்துனர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். விபத்து என்று ஒன்று நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்பது இந்தப் பத்திரத்தைத்தான்.

வாகனங்கள் இடப்பக்கமாகவே செல்லும். இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்து வருவோருக்கு இது பழக்கமானது. கனடா, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளிலிருந்து வருவோர் மலை ஏறுவதற்கு முன் தாழ்நிலத்தில் ஒரு நாளாவது ஓட்டிப் பழகிக்கொள்ள வேண்டும். சுற்றுவட்டத்தில் வலப்பக்கத்திலிருந்து வரும் வாகனத்துக்கே முன்னுரிமை. குடிமனைகள் நெருங்கிய பகுதியில் மணிக்கு 50 கிலோமீற்றரும் அதற்கு வெளியே கார்களுக்கு 70 கிலோமீற்றரும் உச்ச வேகம். ஆனால் ஹட்டன் போகும் வழியிலுள்ள கினிகத்தேனைக்கு மேலே 70ஐத் தொடும் இடம் கிடைப்பதே அரிது.

விளக்குச் சமிக்ஞைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்டி நகரை விட்டால் மலையகத்தில் அவை மிகக் குறைவு. சிறு நகரங்களில் சந்தியில் நிற்கும் பொலிஸாரின் கையே சமிக்ஞை. விளக்கு ஒன்று சொல்ல, பொலிஸ் உத்தியோகத்தர் வேறொன்று காட்டினால் அவர் காட்டுவதையே பின்பற்ற வேண்டும். பாதசாரிக் கடவையில், ஊரார் சொல்வது போல ‘மஞ்சள் கோட்டில்’, ஒருவர் கால் வைத்துவிட்டால் வாகனம் நின்றே ஆக வேண்டும். காலை ஏழரை மணிக்கு முன்னரும் பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பின்னரும் பாடசாலைப் பிள்ளைகள் வீதியின் இரு ஓரங்களிலும் நிறைந்து நடப்பார்கள்; நடைபாதை பல இடங்களில் இல்லை.

பலகைகளின் வடிவத்தைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மஞ்சள் நிறச் சாய்சதுரம் எச்சரிக்கை, சிவப்பு விளிம்புள்ள வட்டம் தடை அல்லது கட்டுப்பாடு, நீல வட்டம் கட்டாயம் செய்ய வேண்டியது, எண்கோணம் ‘நில்’, தலைகீழ் முக்கோணம் ‘வழிவிடு’. ஊர்ப் பெயர்கள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் எழுதப்பட்டிருக்கும்.

மலையகத்தில் உயிரைக் காப்பது மஞ்சள் சாய்சதுரம்தான். கொண்டை ஊசி முடக்கு, ஒடுங்கிய பாலம், கல் சரியும் இடம், வழுக்கும் வீதி என்று அது சொல்லும் ஒவ்வொன்றும் அடுத்த சில நூறு மீற்றருக்குள் உண்மையாகவே வந்துவிடும். அவற்றுள் செங்குத்தான இறக்கத்தைக் காட்டும் பலகையைத்தான் வெளிநாட்டிலிருந்து வருவோர் அதிகம் அலட்சியம் செய்கிறார்கள். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கொத்மலைப் பக்கம் இறங்கும் ஏ5 வீதியில் இறக்கம் நீண்டுகொண்டே போகும். கால் பிரேக்கிலேயே இருந்தால் பிரேக் சூடேறி, தேவைப்படும் நேரத்தில் பிடிக்காமல் போகும். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குவது பழைய சாரதிகளின் வழக்கம். ஓட்டோ கியர் வாகனத்துக்கும் இது பொருந்தும்: கியரை ‘டி’யிலேயே விட்டுவிடாமல் ‘எல்’ அல்லது ‘2’ நிலைக்கு மாற்ற வேண்டும். வாடகைக் காரைப் பொறுப்பேற்கும்போதே அந்த நிலை எங்கே இருக்கிறது என்று கேட்டறிந்துகொள்ளுங்கள். 2025 மே 11 அதிகாலையில் இதே வீதியில், கரண்டிஎல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் பாய்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

சிவப்பு வட்டத்துக்கு ஓர் உதாரணம் நானுஓயாவிலுள்ள ரதெல்ல குறுக்கு வீதி. 2023 ஜனவரியில் பஸ்ஸும் வேனும் முச்சக்கர வண்டியும் மோதி ஏழு பேர் உயிரிழந்த பின்னர், அங்கே கனரக வாகனங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. குடும்பத்தோடு பெரிய பஸ்ஸை அமர்த்திக்கொண்டு வருவோர், கைபேசி வரைபடம் ‘குறுகிய வழி’ என்று காட்டினாலும், தலவாக்கலையிலிருந்து பிரதான வீதியையே பிடிக்கும்படி சாரதியிடம் சொல்ல வேண்டும். தூரம் குறைவு என்பதை மட்டுமே அந்த வரைபடம் அறியும். சரிவை அது பொருட்படுத்துவதில்லை.

வீதியின் நடுவே போடப்பட்ட வெள்ளைக் கோடும் ஒரு சமிக்ஞையே. விட்டுவிட்டுப் போட்ட கோடென்றால், எதிரே வழி தெளிவாக இருக்கும்போது முந்தலாம். தொடர்ந்த கோடோ இரட்டைக் கோடோ இருந்தால் அதைத் தாண்டக் கூடாது. முன்னால் ஒரு தேயிலைக் கொழுந்து லொறி ஊர்ந்து போகும், பின்னால் ஒரு தனியார் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே வரும். அப்போதும் கோட்டைத் தாண்டாதீர்கள். அவசரப்படும் பஸ்ஸுக்கு ஓரமாக ஒதுங்கி இடம் கொடுத்து அனுப்பிவிடுவதே புத்தி.

எந்தப் பலகையிலும் எழுதப்படாத சமிக்ஞைகளில்தான் வெளிநாட்டுப் பழக்கம் மோசமாகக் காலை வாரிவிடும். எதிரே வரும் வாகனம் முன்விளக்கைச் சிமிட்டினால், இங்கிலாந்தில் அது பெரும்பாலும் ‘நீங்கள் போங்கள்’ என்பதாக இருக்கும். இங்கே அநேகமாக ‘நான் வருகிறேன், நில்’ என்பதுதான் பொருள். ஒடுங்கிய பாலத்தில் இதை மாறிப் புரிந்துகொண்டால் இரு வாகனங்களும் நடுவில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். முன்னால் போகும் லொறி இடப்பக்கச் சிக்னல் போட்டால் ‘முந்திப் போ’ என்பதாகவும், வலப்பக்கம் போட்டால் ‘பொறு’ என்பதாகவும் சாரதிகளிடையே ஒரு வழக்கம் உண்டு. ஆனால் அது உண்மையிலேயே திரும்புவதற்காகப் போட்ட சிக்னலாகவும் இருக்கலாம் என்பதால், உங்கள் கண்ணுக்கு வீதி தெரியாத வரை நம்ப வேண்டாம். மறைந்த முடக்கில் ஹோர்ன் அடிப்பது இங்கே அநாகரிகம் அல்ல. அடிக்காமல் திரும்புவதுதான் தவறு. இரு வாகனங்கள் ஒதுங்க முடியாத தோட்டத்து வீதியில், ஏறி வரும் வாகனத்துக்கு இறங்கும் வாகனம் வழிவிடுவது மரபு. அந்த வீதிகளில் பலகை எதையும் எதிர்பார்க்க வேண்டாம். கொழுந்துக் கூடையோடு நடந்து வரும் பெண்கள் ஒதுங்கும் வரை பொறுத்துப் போங்கள்.

பொலிஸார் நிறுத்தினால் ஓரமாக நிறுத்தி, பத்திரங்களைக் காட்டுங்கள். சிறு குற்றங்களுக்குத் தண்டப் பத்திரம் எழுதித் தருவார்கள். அதை 14 நாட்களுக்குள் செலுத்த வேண்டும்; தபால் நிலையத்தில் செலுத்தலாம். கையில் காசைத் திணித்துச் சமாளிக்கப் பார்ப்பது சட்டவிரோதம்.

பனிமூட்டத்தில் முன்விளக்கைத் தாழ்த்தியே போட வேண்டும். உயர்த்தினால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாதத்து வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவகாலம் என்பதால் ஹட்டன்–மஸ்கெலியா–நல்லதண்ணி வீதி இரவிலும் பஸ்களால் நிறைந்திருக்கும். ஏப்ரல் வசந்தகாலத்தில் நுவரெலியா நகரில் ஒருவழிப் பாதைகள் மாற்றப்படும்.

மழைக்காலத்தில் இன்னொரு மூவண்ணச் சமிக்ஞையும் உண்டு. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுகிறது: மஞ்சள் என்றால் விழிப்பாயிருங்கள், செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாகுங்கள், சிவப்பு என்றால் வெளியேறுங்கள். போகும் வழியிலுள்ள பிரிவுக்குச் செம்மஞ்சளோ சிவப்போ அறிவிக்கப்பட்டிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையக வீதிகளையும் பாலங்களையும் பல இடங்களில் சிதைத்தது. திருத்த வேலை நடக்கும் இடங்களில் ஒரு பக்கமாக மட்டுமே வாகனங்களை விடுவார்கள். பச்சைக் கொடியோ சிவப்புக் கொடியோ பிடித்து நிற்கும் தொழிலாளியின் கையை விளக்குச் சமிக்ஞை போலவே மதிக்க வேண்டும். வீதி திறந்திருக்கிறதா என்று புறப்படும் முன் போகும் ஊரிலுள்ள உறவினரிடம் கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, பொலிஸ் அவசர அழைப்பு 119, ‘சுவசெரிய’ இலவச அம்புலன்ஸ் 1990 ஆகிய இலக்கங்களைக் கைபேசியில் மட்டுமன்றிக் கடதாசியிலும் எழுதி வைத்திருங்கள். பள்ளத்தாக்குகளில் பல இடங்களில் வலையமைப்பு கிடைக்காது, அப்போது கடைக்காரரின் தொலைபேசியைத்தான் கேட்டு வாங்கிப் பேச வேண்டியிருக்கும்.