டாப்சிலிப்பில் முதல் காட்டு நடை: எப்படித் தயாராவது?

காட்டிலிருந்து திரும்பினால் எல்லோரும் கேட்பது, "யானை பார்த்தீங்களா?" என்றுதான். டாப்சிலிப் இருக்கும் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் மரங்களையும் பார்க்கப் பழகிவிட்டால், யானை வராத நாள்கூட வீணாகாது.

1. முதலில் அனுமதி. எந்தப் பாதை திறந்திருக்கிறது, கட்டணம் எவ்வளவு என்று வனத்துறையிடம் விசாரித்துப் பதிவு செய்யுங்கள். கோடையில் காட்டுத்தீ பயத்தால் மூடிவிடுவதுண்டு.

2. பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை சோதனைச்சாவடி வழியாகப் போக வேண்டும். பிளாஸ்டிக்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பளிச்சென்ற சட்டையும் சென்ட்டும் வேண்டாம். மழைக்காலமென்றால் காலுறையில் உப்பைத் தேய்த்துக்கொள்ளுங்கள். அதையும் மீறி ரத்தம் உறிஞ்சும் அட்டை காலில் ஒட்டினால், பிடுங்காமல் நகத்தால் பக்கவாட்டில் நெம்புங்கள்.

3. வழிகாட்டிக்குப் பின்னால் நடங்கள். காடர், மலசர் போன்ற இந்த மலையின் மக்களுக்குத் தெரிந்தது நம் செல்போன் வரைபடத்துக்குத் தெரியாது. வழிகாட்டி நின்றால் நில்லுங்கள், காரணத்தை அப்புறம் கேட்கலாம்.

4. இனி மரங்கள். வரிசை பிடித்தாற்போல் ஒரே உயரத்தில் நின்றால் அது மனிதர் நட்ட தேக்கு. கீழே கிடக்கும் இலையைத் தடவிப் பாருங்கள், உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். தளிரைக் கசக்கினால் விரல் சிவக்கும் (வழிகாட்டி கசக்கக் கொடுத்தால் மட்டும், நீங்களாகப் பறிக்காதீர்கள்). பிரிட்டிஷார் கப்பல் கட்ட இங்கே தேக்கை வெட்டித் தள்ளினார்கள். மலை உச்சியிலிருந்து கட்டைகளைச் சரிவில் நழுவவிட்டதால்தான் ஊருக்கே டாப்சிலிப் என்று பெயர். மொட்டையான காட்டில் மறுபடி தேக்கை வளர்த்தவர் ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி. கைத்தடியால் குழி போட்டு விதையைப் போட்டுக்கொண்டே நடப்பாராம், இங்கே சொல்லும் கதை இது. 1933-ல் இறந்தவரின் கல்லறை அந்தத் தேக்குகளுக்கு நடுவிலேயே இருக்கிறது. அதில் லத்தீனில் ஒரு வரி: 'என் நினைவுச்சின்னத்தைத் தேடுகிறாயா? சுற்றிலும் பார்.' கல்லறையை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

5. கடைசியாகக் கரியன் சோலை, யாரும் நடாமல் தானாக வளர்ந்த காடு. இங்கே வரிசை கிடையாது. சின்னதும் பெரியதுமாக மரங்கள், கொடிகள், பாசி, பட்டப்பகலிலும் இருட்டு. வழிகாட்டி சம்மதித்தால் பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். தலைக்கு மேலே ரயில் எஞ்சின் நீராவி விடுவதுபோல 'புஸ்... புஸ்...' என்று கேட்டால் பயப்பட வேண்டாம், இருவாச்சி என்ற பெரிய பறவை பறக்கிறது. நிமிர்ந்து பாருங்கள்.