பூனைக்கு ஊசி: ஒன்று போட்டால் முடிந்துவிடாது

ஊருக்குள் விசர்நாய்த் தடுப்பூசி போட வந்தால் நாயைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு ஓடுவோம். பூனை அந்நேரம் கூரையில் படுத்திருக்கும். "பூனைக்கு என்னத்துக்கு?" என்று கேட்பவர்கள் வன்னியில் இன்னும் நிறையப் பேர். நரியும் கீரியும் வளவுக்குள் வந்துபோகிற இடம் இது. விசர் பூனைக்கும் வரும். குட்டிக்கு 12 கிழமையானதும் ஓர் ஊசி, ஒரு வருடத்தில் அடுத்தது.

சரி, விசர் ஊசி போட்டவர்களும் விடுகிற பெரிய பிழை ஒன்றிருக்கிறது. அந்த ஊசி மற்ற நோய்களுக்குக் காவல் இல்லை. குட்டிகளைக் கொத்தாகக் கொண்டுபோவது பன்லூக்கோபீனியா என்கிற, பார்வோ வகை வைரஸ் நோய். அதற்கும் மூக்கடைத்துக் கண் பீளை தள்ளும் பூனைச் சளிக்கும் சேர்த்துப் போடுவது வேறு ஊசி. அதையும் ஒருதரம் போட்டுவிட்டு இருந்துவிட முடியாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும் மட்டும் ஊசி மருந்தை வேலை செய்ய விடாது. அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனால்தான் 6 – 8 கிழமையில் தொடங்கி, 2 – 4 கிழமைக்கு ஒருதரம், 16 கிழமை தாண்டும்வரை போடச் சொல்கிறார்கள்.

இதை நான் படித்தது பட்டபின். எட்டாம் கிழமை முதல் ஊசி போட்டேன். அடுத்த திகதி அட்டையில் இருந்தது. அருவி வெட்டு நேரம், போகவில்லை. ஒரு மாதம் கழித்துக் குட்டி சத்தியெடுத்தது. தண்ணீர்ச் சட்டி விளிம்பில் நாடியை வைத்துக்கொண்டு, குடிக்காமலே குந்தியிருந்தது. மூன்றாம் நாள் இல்லை.

அழுத பிள்ளைகளுக்காக உடனே வேறு குட்டி கொண்டுவந்து, அதே சாக்கில் படுக்க விடுவது அடுத்த பிழை. அந்த வைரஸ் ஒரு வருடம்கூட வீட்டில் கிடக்கும். சாக்கை எரித்துவிடுங்கள். நிலத்தை ஊத்தை போகக் கழுவி, ஒரு பங்கு குளோரின் பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். புதுக்குட்டி ஊசிகள் முடித்த பிறகு வரட்டும்.

அப்புறம், மருந்துக் குப்பியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் மத்தியான வெயிலில் மோட்டார் சைக்கிளில் வருவது. 2 – 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டிய மருந்து அது. ஐஸ் உறையும் தட்டில் வைத்தாலும் கெடும். பூனையையே மிருக வைத்தியரிடம் கொண்டுபோவது மேல். மூடியுள்ள பிளாஸ்டிக் கூடை போதும், உரப்பை வேண்டாம். சினைப் பூனை என்றால், காய்ச்சல் என்றால், முன்னமே சொல்லிவிடுங்கள்.

ஊசி போட்ட அன்று பூனை சோர்ந்து கிடந்தால் பனடோல் கரைத்துக் கொடுக்காதீர்கள். அரைக் குளிசை பூனையைக் கொல்லப் போதும்.

ஊசி போட்ட பூனைதானே என்று கடியையும் கீறலையும் விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது பூனையின் ஊசி அட்டையையும் கொண்டு போங்கள். முதலில் அதைத்தான் கேட்பார்கள்.