சோறில்லாத இரவுச் சாப்பாடு: மிளகு மாட்டிறைச்சியும் கோவாவும்

மாட்டிறைச்சி என்றாலே ஒன்றரை மணி நேரம் அடுப்பில் கிடக்கவேண்டும் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன கணக்கு. கறிக்கு அது சரியான கணக்குத்தான். ஆனால் அதே இறைச்சியை மெல்லிசாக அரிந்து, நன்றாகக் காய்ந்த தாச்சியில் இரண்டு நிமிடம் பிரட்டி எடுத்தாலும் மெத்தென்று இருக்கும். கெடுவது இரண்டுக்கும் நடுவில். பத்து நிமிடம் வதக்கி இறக்கினால் செருப்புத்தோலைக் கடிப்பதுபோல் ஆகிவிடும். சூடு பட்டதும் தசை சுருங்கி, தன் தண்ணீரைக் கக்கி இறுகுகிறது. இறுகியதை மறுபடி இளக்குவது தசைக்கிடையில் உள்ள கொலாஜன் என்ற புரதம் கரைவதுதான், அதற்கு நேரம் பிடிக்கும். ஆகவே இரண்டு நிமிடம், இல்லையென்றால் ஒன்றரை மணி நேரம். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருகிற படிகளுக்கெல்லாம் காரணம் தானாக விளங்கும்.

அடுத்தது மாச்சத்து. திருகோணமலையில் தம்பலகாமத்து வயலையும் கந்தளாய்க் குளத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சோற்றைக் குறைக்கச் சொல்வது இலேசான காரியமில்லை. ஆனாலும் அவித்த வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாச்சத்து இருக்கிறது. சாப்பாட்டுக் கோப்பை நிறையச் சோறு என்றால் 300 கிராம் வரும். பச்சைக் கோவாவில் (முட்டைக்கோஸ்) 100 கிராமுக்கு 6 கிராம்தான், அதிலும் இரண்டரை கிராம் நார்ச்சத்து. இறைச்சியில் மாச்சத்து இல்லையென்றே சொல்லலாம். அதனால் இந்தச் சாப்பாட்டில் சோற்றின் இடத்தைக் கோவா எடுத்துக்கொள்கிறது.

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று நிறுத்தினால் சீனி அளவுக்குமீறி இறங்கலாம். முதலில் உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்களும் இறைச்சியின் அளவை அவரிடமே கேட்டுக்கொள்ளவேண்டும்.

தேவையானவை, மூன்று பேருக்கு

எலும்பில்லாத தனி இறைச்சி 500 கிராம்
அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி
சோயா சோஸ் 1 மேசைக்கரண்டி
உப்பு அரைத் தேக்கரண்டி
மஞ்சள் தூள் கால் தேக்கரண்டி
மிளகு 2 தேக்கரண்டி, பெருஞ்சீரகம் அரைத் தேக்கரண்டி: இரண்டையும் ஒன்றிரண்டாக இடித்தது
தேங்காயெண்ணெய் 4 மேசைக்கரண்டி
பெரிய வெங்காயம் 1
கறிமிளகாய் 3
தக்காளிப்பழம் 1
உள்ளி 5 பல், இஞ்சி ஒரு பெருவிரல் துண்டு: இரண்டும் பொடியாக அரிந்தது
கோவா 400 கிராம், அதாவது நடுத்தரக் கோவாவில் பாதிக்குக் கொஞ்சம் குறைய
கறிவேப்பிலை, ரம்பை, அரைத் தேசிக்காய்

எல்லாக் காய்கறியையும் சேர்த்தாலும் ஒருவருக்கு மாச்சத்து 20 கிராமைச் சுற்றியே வரும். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நார்ச்சத்து.

படி 1: கடையில் கேட்கவேண்டியது

இங்கே கிடைப்பது பெரும்பாலும் புல் மேய்ந்து நடந்து திரிந்த மாடு. கொழுப்பு குறைவு, நார் உறுதி. அதனால் எந்தப் பகுதி என்பது முக்கியம். அண்டர்கட் (முதுகெலும்பின் உட்பக்கத்து மெத்தென்ற இறைச்சி) கிடைத்தால் அதுவே முதல் தெரிவு. விலை கூட, அளவும் கொஞ்சம்தான் இருக்கும், காலையிலேயே போகவேண்டும். அது இல்லையென்றால் முதுகுப்பக்க இறைச்சி, அதுவும் இல்லையென்றால் பின்தொடைச் சதை. முன்கால், கழுத்து, கெண்டைச் சதை இந்தச் செய்முறைக்கு ஆகாது. ருசியில் அவை குறைந்தவையல்ல, கொலாஜன் அதிகம் என்பதால் கறிக்குத்தான் அவை உரியவை.

வெட்டிக் கொடுக்கவேண்டாம், முழுத்துண்டாகத் தாருங்கள் என்று கேளுங்கள். கடையில் கறிக்கு வெட்டுகிற கனத்துண்டை வீட்டில் மெல்லிசாக்குவது பெரும்பாடு. போயா தினத்தில் இறைச்சிக் கடை பூட்டு என்பதால், பௌர்ணமியைப் பார்த்து முதல்நாளே வாங்கி வையுங்கள்.

படி 2: அரிவது

இந்தச் சாப்பாட்டில் பாதி வேலை கத்தியில் முடிகிறது. கழுவுவதென்றால் அரிவதற்கு முன் முழுத்துண்டாகக் கழுவி, துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுங்கள். பிறகு பிரீசரில் 40 நிமிடம் வையுங்கள். உறையக்கூடாது, வெளிப்பக்கம் விறைக்கவேண்டும். மெத்தென்று இருக்கும் இறைச்சி கத்திக்கு வழுக்கும். விறைத்தது சொன்னபடி கேட்கும்.

மேலே ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வை முதலில் உரித்து எறியுங்கள். அது எவ்வளவு நேரம் வதக்கினாலும் இளகாது, துண்டையும் சுருட்டிவிடும். அதன் பிறகு இறைச்சியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கோடுகோடாக நார் ஒரு பக்கமாக ஓடும். அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே, 3 மில்லிமீற்றர் கனத்தில் அரியுங்கள். இரண்டு ரூபாய்க் குற்றி இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் வருகிற தடிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். குறுக்கே அரிந்தால் ஒவ்வொரு நாரும் குட்டையாகிவிடும், பல்லுக்கு வேலை குறையும். நாரின் போக்கிலேயே அரிந்தால் கயிறு கயிறாக வரும். புதிதாகச் சமைப்பவர்களின் இறைச்சி இழுபட்டுக் கிடப்பதற்கு முதற்காரணம் இதுதான். தொடைச் சதையில் நார் நடுவில் திசை மாறும், அந்த இடத்தில் துண்டைத் திருப்பிவைத்து அரியுங்கள்.

படி 3: அப்பச்சோடா

அண்டர்கட் என்றால் இந்தப் படியை விட்டுவிடலாம். மற்றவற்றுக்கு அரைத் தேக்கரண்டி அப்பச்சோடாவை 2 மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து, இறைச்சியில் பிசறி 15 நிமிடம் வையுங்கள். இது இறைச்சியின் மேற்பரப்பில் காரத்தன்மையை (உறைப்பு அல்ல, அமிலத்துக்கு எதிரானது) கூட்டுகிறது. அதனால் சூட்டில் புரதங்கள் ஒன்றையொன்று இறுகப் பிடிக்கமுடியாமல் போகும். அளவையோ நேரத்தையோ கூட்டினால் சவர்க்காரம்போலச் சுவைக்கும், துண்டும் வழவழவென்று ஆகும்.

நேரம் முடிந்ததும் தண்ணீரில் அலசி, வடிதட்டில் போட்டு, துணியால் ஒற்றிக் காயவிடுங்கள். இதில் சோம்பல் கூடாது. ஈரமாகப் போட்ட இறைச்சி தாச்சியில் வறுபடாது, அவியும். பிறகு சோயா சோஸ், உப்பு, மஞ்சள், இடித்த மிளகு பெருஞ்சீரகத்தில் பாதி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சேர்த்துப் பிசறுங்கள். இஞ்சியையும் உள்ளியையும் இப்போது சேர்க்கவேண்டாம், அந்தச் சூட்டில் அவை கருகிக் கசக்கும்.

சோடா ஊறுகிற நேரத்திலேயே கோவாவை நூல்போலச் சீவி, வெங்காயத்தையும் கறிமிளகாயையும் நீளவாக்கில் அரிந்து, தக்காளியை நான்காகப் பிளந்து வைத்துவிடுங்கள். அடுப்பு மூட்டிய பிறகு வெட்ட நேரம் இராது. இறைச்சி வெட்டிய பலகையில் கோவாவை வெட்டாதீர்கள். வேறு பலகை இல்லாவிட்டால் காய்கறியை முதலில் அரிந்து முடியுங்கள்.

படி 4: தாச்சி

அடி கனத்த இரும்புத் தாச்சி நல்லது. காஸ் அடுப்பை முழுதாகத் திறந்து, வெறுந்தாச்சியை இரண்டு நிமிடம் காயவிடுங்கள். ஒரு துளி தண்ணீர் விட்டால் அது உருண்டு ஓடி மறையவேண்டும். ஒட்டாத பூச்சு பூசிய சட்டியை மட்டும் வெறுமையாக இப்படிக் காய்ச்சக்கூடாது, பூச்சு கெட்டுவிடும்.

ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, இறைச்சியில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் பரப்பிப் போடுங்கள். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. 45 விநாடி தொடவேண்டாம். கை துருதுருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கம் கபில நிறமாவது அந்த 45 விநாடியில்தான், ருசியும் அங்கேதான் பிறக்கிறது. பிறகு பிரட்டி, இன்னும் ஒரு நிமிடம். சிவப்பு மறைந்ததும் கோப்பையில் எடுத்துவிட்டு, தாச்சியை மறுபடி காயவிட்டு அடுத்த பங்கைப் போடுங்கள்.

500 கிராமையும் ஒன்றாகக் கொட்டினால் என்ன ஆகும்? வீட்டு அடுப்பின் நெருப்புக்கு அவ்வளவு குளிர்ந்த இறைச்சியை ஒரேயடியாகச் சூடாக்கும் பலம் இல்லை. தாச்சி சூடிறங்கும், தண்ணீர் ஊறி நிற்கும், சாம்பல் நிறத்தில் கொதிக்கத் தொடங்கும். தண்ணீரை வற்றவைக்கப் பத்து நிமிடம் ஓடிவிடும். மேலே சொன்ன அந்த நடு இடத்தில் மாட்டிக்கொள்வது இப்படித்தான். தப்பித் தவறி அப்படி நடந்துவிட்டால் ஒரே வழி, ஒரு கப் தண்ணீர் விட்டு மூடி, சிறு தீயில் கறியாகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் அவியவிடுவது. இறைச்சி வீணாகாது, இரவுச் சாப்பாடுதான் பிந்தும்.

படி 5: காய்கறி, பிறகு கோவா

இறைச்சி எல்லாம் வெளியே எடுத்தாயிற்று. தாச்சியில் ஒட்டியிருப்பதைக் கழுவாதீர்கள். ஒரு கரண்டி எண்ணெய் விட்டு கறிவேப்பிலை, ரம்பை, வெங்காயம் போட்டு ஒரு நிமிடம் பிரட்டி, இஞ்சி உள்ளி சேர்த்து மணம் வந்ததும் கறிமிளகாயும் தக்காளியும். தக்காளியை அகப்பையால் நசித்து விடுங்கள், அதன் புளித்தண்ணீர் அடியில் பிடித்ததைக் கரைத்தெடுக்கும். இரண்டு நிமிடம் போதும், கறிமிளகாய் நறுக்கென்று இருக்கவேண்டும். இப்போது இறைச்சியை அதன் சாற்றோடு கொட்டி, மீதி மிளகைத் தூவி, அரை நிமிடம் பிரட்டி இறக்கித் தேசிக்காய் பிழியுங்கள். மிளகில் பாதியைக் கடைசிக்கு வைப்பது மணம் போகாமல் இருக்கத்தான்.

அதே தாச்சியில் கடைசிக் கரண்டி எண்ணெய் விட்டு கோவாவைப் போடுங்கள். ஒரு சிட்டிகை உப்பை இறக்கும்போது மட்டும் போடவேண்டும், முன்னரே போட்டால் தண்ணீர் விட்டுத் துவண்டுவிடும். பெருந்தீயில் மூன்று நிமிடம். விரும்பினால் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ தூவலாம். சோற்றுக்குப் பழகிய நாக்குக்கு அது ஆறுதலாக இருக்கும். கோவாவைக் கோப்பையில் பரப்பி இறைச்சியை மேலே வையுங்கள். அடுப்பு நேரம் முழுதும் 20 நிமிடத்துக்குள் அடங்கும்.

போத்தலுக்குள் ஒளிந்திருக்கும் சீனி

கடையில் டெவில் என்ற இனிப்பும் உறைப்புமான பிரட்டலைச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு இதில் இனிப்பில்லையே என்று தோன்றும். அந்த இனிப்பு தக்காளி சோஸிலும் சீனியிலும் இருந்து வருவது. ஒரு மேசைக்கரண்டி தக்காளி சோஸில் 4 முதல் 5 கிராம் மாச்சத்து உண்டு. டெவிலுக்கு நாலைந்து கரண்டி விடுவார்கள். கெட்டியாக வர ஒரு கரண்டி சோளமா கரைத்தால் இன்னும் ஏழு கிராம். சோற்றை விட்டுவிட்டு இவற்றைச் சேர்ப்பதில் பயனில்லை. இனிப்பு கட்டாயம் வேண்டுமென்றால் வெங்காயத்தைச் சிறு தீயில் பொன்னிறமாகும் வரை வதக்குங்கள், அதன் சொந்த இனிப்பே போதும். சோயா சோஸில் உப்பு அதிகம்; அதனால்தான் மேலே உப்பு அரைத் தேக்கரண்டியோடு நின்றது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்த உப்பையும் விட்டுவிடலாம்.

நல்ல பகுதி கிடைக்காத நாளில்

கடையில் கொத்தி அரைத்த இறைச்சி வாங்குங்கள். அரைக்கும்போதே நார் அறுந்துவிடுவதால் எந்தப் பகுதியும் சரி. சோடா வேண்டாம். காய்ந்த தாச்சியில் பரப்பி மூன்று நிமிடம் தொடாமல் விட்டு, பிறகு உடைத்துக் கிளறி, சிவப்பு ஒரு பொட்டும் இல்லாமல் ஏழெட்டு நிமிடம் வறுக்கவேண்டும். அரைத்த இறைச்சியை அரைவேக்காட்டில் இறக்கக்கூடாது. பொடியாக அரிந்த போஞ்சி 200 கிராம் இதற்கு நல்ல சோடி.

பக்கத்தில் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிர் இரண்டு கரண்டி வைக்கலாம், பாணி ஊற்றாமல். முருங்கையிலைச் சுண்டலும் பொருந்தும்.

மிஞ்சினால் இங்கத்தைய வெக்கைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கவேண்டாம். பிரிட்ஜில் மூடி வைத்து மூன்று நாளுக்குள் முடியுங்கள். சூடாக்கும்போதும் பெருந்தீயில் ஒரே ஒரு நிமிடம். அல்லது மெல்லிசாகக் கீறி, இரண்டு முட்டை உடைத்து ஊற்றிப் பொரித்துக் காலைச் சாப்பாடாக்கிவிடலாம்.